சேற்றை ஆக்குபவர்கள்



மண்ணைப் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று இந்தச் சொற்பொழிவின் அமைப்பாளர்கள் என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். நான் நீர் கட்டிய நெல்வயலை எடுத்துக்கொண்டேன். மண்ணும் அதில் வாழும் நுண்ணுயிர்களும் ஒன்றையொன்று எப்படி மாற்றிக்கொள்கின்றன என்று படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் எண்ணம். காட்டு மண்ணிலோ புல்வெளியிலோ அந்த மாற்றம் தெரியவர ஆண்டுக்கணக்காகும். நெல்வயலிலோ, தண்ணீர் வந்து, சேறடித்து, நட்ட பயிர் பச்சை பிடித்துத் தூர் கட்டுவதற்குள் அது நடந்து முடிந்துவிடுகிறது. மண்ணின் நிறம் மாறுகிறது, வாசனை மாறுகிறது, கார அமில நிலை மாறுகிறது.

ஒரு கிராம் மண்ணில் நூறு கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கலாம் என்று பாடப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். எண்ணிக்கை சரிதான். ஆனால் அந்த எண் நம் மனத்தில் ஒரு தவறான சித்திரத்தையும் பதித்துவிடுகிறது. மண் என்பது ஒரு வீடு, நுண்ணுயிர்கள் அதில் வாடகைக்கு இருப்பவை என்பது அந்தச் சித்திரம். வாடகைக்கு இருப்பவர் சுவரை இடித்துக் கட்டுவதில்லை. இவை இடித்துக் கட்டுகின்றன. அப்படிக் கட்டிய சுவர், அடுத்து உள்ளே யார் வாழலாம் என்று முடிவு செய்கிறது. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். விவசாயிக்கு இதில் நேரடியான பயன் இருக்கிறது. வயலில் எந்த நுண்ணுயிர் வேலை செய்யும் என்பதைத் தண்ணீரும் தாளும் எருவும் முடிவு செய்கின்றன. பாட்டிலில் வாங்கி ஊற்றுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வயலில் தண்ணீர் நிறுத்தியதும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மண் துளைகளில் அகப்பட்டுக்கொண்ட கொஞ்சநஞ்ச ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளுக்குள், சில மண்களில் சில மணி நேரத்துக்குள், தீர்த்துவிடுகின்றன. தண்ணீர் மட்டும் இதைச் செய்யாது. ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டு அதே மண்ணில் தண்ணீர் கட்டி வைத்தால் நிறம் மாறாமல் அப்படியே கிடக்கும். புதுக் காற்று வராமல் தடுப்பது தண்ணீர். இருந்த காற்றைத் தீர்ப்பவை உயிர்கள்.

ஆக்சிஜன் தீர்ந்தால் எல்லாம் செத்துவிடுமா? சாகாது. உணவைச் சிதைத்து ஆற்றல் பெறும் எந்த உயிரும் அதிலிருந்து பிரியும் எலக்ட்ரான்களை எதனிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். நாம் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம். மண்ணில் அது இல்லாதபோது வேறு உயிர்கள் தலையெடுத்து நைட்ரேட்டிடம் ஒப்படைக்கின்றன. நைட்ரேட் தீர்ந்தால் மாங்கனீஸ் ஆக்சைடு, பிறகு இரும்பு ஆக்சைடு, அதற்கும் பிறகு சல்பேட். எல்லாம் ஓய்ந்த பின் கரியமில வாயுவையும் அசிட்டேட்டையும் மெத்தேனாக்கிப் பிழைக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களின் முறை வருகிறது. எதில் அதிக ஆற்றல் கிடைக்கிறதோ அது முதலில் தீரும். கொஞ்சம் முன்பின்னாக மேற்பொருந்தினாலும் வரிசை பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு கூட்டமும் தனக்கு வேண்டியதைத் தீர்த்து, தான் வாழ முடியாத, அடுத்த கூட்டம் மட்டுமே வாழக்கூடிய மண்ணை விட்டுச்செல்கிறது.

இதை நெல்வயலுக்குப் பொருத்தி ஆழமாக எழுதிவைத்தவர் இலங்கையைச் சேர்ந்த மண் வேதியியலாளர் ஃபீலிக்ஸ் பொன்னம்பெரும. பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். நீரில் மூழ்கிய மண்களின் வேதியியலைப் பற்றி 1972-இல் அவர் வெளியிட்ட நெடுங்கட்டுரையை மண்ணியல் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். அதில் என்னை மிகவும் கவர்ந்தது கார அமில நிலையைப் பற்றிய பகுதி. அமில மண்ணையும் சுண்ணாம்பு மண்ணையும் தனித்தனித் தொட்டிகளில் நீர் கட்டி வைத்தால், சில வாரங்களில் அமில மண்ணின் கார அமில அளவு ஏறுகிறது, சுண்ணாம்பு மண்ணின் அளவு இறங்குகிறது. இரண்டும் நடுநிலையான 7-ஐ ஒட்டி வந்து நிற்கின்றன.

யாரும் சுண்ணாம்பு போடவில்லை, ஜிப்சம் போடவில்லை. அமில மண்ணில் இரும்பு ஆக்சைடைக் கரைக்கும் பாக்டீரியாக்கள் அந்த வேலையின்போது ஹைட்ரஜன் அயனிகளைச் செலவழித்துவிடுகின்றன, அமிலம் குறைகிறது. சுண்ணாம்பு மண்ணில் நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயு வெளியேற வழியின்றி நீரில் தங்கி, காரத்தைத் தணிக்கிறது. நெல் இத்தனை விதமான மண்களில் விளைவதற்கு இந்தச் சமநிலை ஒரு பெரிய காரணம். மணிச்சத்தும் இதே வழியில்தான் விடுபடுகிறது. இரும்பு ஆக்சைடோடு ஒட்டிக்கிடந்த பாஸ்பேட், இரும்பு கரையும்போது தானும் நீருக்கு வருகிறது. ஒரே மண்ணில் மணிச்சத்து உரத்துக்கு மேட்டுப்பயிர் துள்ளி வளர, நெல் பெரிய வேறுபாடு காட்டாமல் இருப்பதை விவசாயிகள் பார்த்திருப்பீர்கள். அதற்கு இது முக்கியக் காரணம்.

எல்லா மண்ணிலும் இது ஒரே மாதிரி நடக்காது. இரும்பைக் கரைக்கும் பாக்டீரியாவுக்கு உணவாக மட்கு வேண்டும், கரைப்பதற்கு எளிதில் கரையக்கூடிய இரும்பு வேண்டும். மட்கு வற்றிய அமில மண்ணில் எத்தனை நாள் நீர் கட்டினாலும் கார அமில அளவு மெல்லத்தான் ஏறும், சில இடங்களில் 6-ஐக்கூடத் தொடாது. மண்ணை மாற்றும் திறன் நுண்ணுயிருக்கு உண்டு, ஆனால் அந்தத் திறனை முன்கூட்டியே அளந்து கொடுத்திருப்பது மண்தான்.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. நடவாகி ஒரு மாதமான வயலில், மேல்சேறு கலையாமல் ஒரு கட்டியை அடியோடு பெயர்த்து, கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். மேலே சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பாக இருக்கும். அதற்குக் கீழே மண் சாம்பல் நிறத்தில், சில வயல்களில் நீலம் ஓடிய கருமையில் இருக்கும். அந்தச் சாம்பல் நிறத்தின் நடுவே துரு நிறக் கோடுகள் மெல்லிய நூல்போல் இறங்கும். ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் ஒரு நெல் வேரோ, வேர் இருந்த தடமோ இருக்கும். கட்டியைக் காற்றில் வைத்துவிட்டு அரைமணி கழித்துப் பார்த்தால் வெட்டிய முகத்தின் சாம்பல் நிறம் மங்கிப் பழுப்பேறத் தொடங்கியிருக்கும்.

மேலே இருக்கும் அந்த மெல்லிய பழுப்பு அடுக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? மேலிருந்து நீர் வழியாக ஆக்சிஜன் இறங்குகிறது, கீழிருந்து நுண்ணுயிர்கள் அதைத் தின்கின்றன. இரண்டும் சமமாகும் இடத்தில் பழுப்பு முடிகிறது. பச்சை எருவும் வைக்கோலும் அதிகம் கிடந்தால் தின்னும் வேகம் கூடிப் பழுப்பு அடுக்கு மெலிகிறது. மட்கு குறைந்தால் தடிக்கிறது. நுண்ணுயிர் எவ்வளவு தின்கிறதோ அதற்கேற்ப எல்லைக்கோடு நகர்கிறது, அந்தக் கோட்டின் இருபுறமும் வெவ்வேறு இனங்கள் குடியேறுகின்றன.

யூரியாவின் கதை இந்தக் கோட்டில்தான் நடக்கிறது. நின்ற நீரில் வீசிய யூரியா அமோனியமாகிறது. பழுப்பு அடுக்கில் அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. இத்தகைய பாக்டீரியாக்களை 1890-களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. மண் நுண்ணுயிரியலுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர். இந்த நைட்ரேட் கொஞ்சம் கீழே இறங்கிச் சாம்பல் அடுக்கைத் தொட்டதும், ஆக்சிஜனில்லாமல் தவிக்கும் வேறு பாக்டீரியாக்கள் அதைப் பிடித்து நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. விவசாயி காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து ஒரு கூட்டத்தின் கையிலிருந்து இன்னொரு கூட்டத்தின் கைக்குப் போய்ப் பறந்துவிடுகிறது. அமோனியம் உரத்தைச் சேற்றின் உள்ளே, சாம்பல் அடுக்கிலேயே வைத்தால் இந்த இழப்பு குறையும் என்று ஜப்பானியர்கள் மிக முன்னரே கண்டிருந்தார்கள். நீரை வடித்துவிட்டு உரமிட்டுக் கலக்கச் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் அறிவியலும் இதுதான்.

யூரியா போகும் இன்னொரு வழி நண்பகல் நேரத்து நீரில் இருக்கிறது. வயல் நீரில் மிதக்கும் பாசி வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் நீரின் கார அமில அளவு பிற்பகலில் 9-ஐத் தாண்டிப் போகக்கூடும், இரவில் மறுபடி இறங்கும். காரம் கூடிய நீரில் அமோனியம் அமோனியா வாயுவாகி எழுந்துவிடும். இப்படி இழப்புக்குக் காரணமாகும் அதே பாசிக் கூட்டத்தில்தான் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நீலப்பச்சைப் பாசியும் இருக்கிறது. நெல்வயலில் அதன் பங்கை 1939-இல் நிறுவியவர் பி.கே. டே என்ற நம் நாட்டு அறிவியலாளர். யூரியாவை அதிகம் வீசினால் அந்தப் பாசிக்கு நைட்ரஜனைப் பிடிக்கும் அவசியமே இல்லாமல் போய்விடுகிறது, பிடிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. நாம் கொடுத்ததை நீரே இழக்கிறது, நீர் தானாகத் தந்ததும் நிற்கிறது. நம் உர மானியக் கணக்கில் இந்த இழப்புக்கு ஒரு பத்தி இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வேருக்கு வருவோம். மூச்சுவிட முடியாத சேற்றில் நெல் எப்படி வாழ்கிறது? தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்றுக் குழல்களை வைத்துக்கொண்டு மேலிருந்து ஆக்சிஜனைக் கீழே இறக்குகிறது. அதில் கொஞ்சம் வேரிலிருந்து கசிந்து வெளியே வரும். கரைந்து கிடக்கும் இரும்பு அந்த ஆக்சிஜனைத் தொட்டதும் துருவாகி வேரின்மேல் படிகிறது. நல்ல வயலில் நெல்லைப் பிடுங்கி அலசினால் வேர்கள் செம்பழுப்பாக இருப்பது இதனால்தான். வேரைச் சுற்றிய ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மண் மற்ற மண்ணைப் போன்றதல்ல என்று 1904-இல் லோரென்ஸ் ஹில்ட்னர் என்ற ஜெர்மானியர் சொன்னார். சேற்றில் அது பல மடங்கு உண்மை. ஆக்சிஜன் இல்லாத பெருவெளிக்குள் ஒவ்வொரு வேரும் தன்னைச் சுற்றி ஆக்சிஜன் உள்ள ஓர் உறையைப் போர்த்திக்கொள்கிறது. அந்த உறைக்குள் மெத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன.

வேர் கறுத்து, அலசும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வேறு கதை. அங்கே சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. மண்ணில் இரும்பு போதிய அளவு இருந்தால் சல்பைடு இரும்போடு சேர்ந்து கறுப்பு இரும்பு சல்பைடாக அடங்கிவிடும், வேருக்கு ஆபத்தில்லை. இரும்பு கரைந்து வடிந்துபோன மணற்பாங்கான பழைய வயல்களில் அடங்க இடமில்லாமல் அது வேரைத் தாக்கும். முன்பருவத்தில் செழித்து நின்று பின்பருவத்தில் திடீரென நலியும் இந்தக் கோளாறை ஜப்பானில் 'அகியோச்சி' என்றார்கள். அதற்கு அவர்கள் செய்த வைத்தியங்களில் ஒன்று இரும்புச் செறிவுள்ள செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவது. பாக்டீரியாவை ஒழிக்க அவர்கள் முயலவில்லை. அது விடும் நஞ்சைத் தாங்கும் பொருளை மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இதே சல்பைடு வேறோர் இடத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு மண்ணின் விதியை எழுதியிருக்கிறது. கேரளத்தின் குட்டநாட்டில் 'கரி' நிலங்கள் இருக்கின்றன. பழங்காலத்தில் கடல்நீரும் சதுப்புக் காடும் இருந்த இடம் அது. கடல்நீரின் சல்பேட்டை அக்காலத்துப் பாக்டீரியாக்கள் சல்பைடாக்கி, இரும்போடு சேர்த்து, பைரைட் என்ற கனிமமாக மண்ணுக்குள் வைத்துவிட்டுப் போயின. நீருக்கடியில் இருக்கும்வரை அது சாது. நீரை வடித்துக் காற்றுப் பட்டதும் கந்தகத்தையும் இரும்பையும் தின்று வாழும் வேறு பாக்டீரியாக்கள் விழித்துக்கொண்டு அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. மண்ணின் கார அமில அளவு 4-க்கும் கீழே இறங்கிவிடும். நெல் வேருக்கு அலுமினியமும் இரும்பும் நஞ்சாகின்றன. ஒரு காலத்து நுண்ணுயிர் செய்துவைத்த கனிமம் இன்றைய விவசாயி எப்போது நீரை வடிக்கலாம், எப்போது கூடாது என்று கட்டளையிடுகிறது.

மெத்தேனைப் பற்றிச் சொல்லாமல் நெல்வயலைப் பற்றிப் பேச முடியாது. மனிதச் செயல்களால் வெளியாகும் மெத்தேனில் பத்தில் ஒரு பங்குக்கு அருகில் நெல்வயல்களிலிருந்து வருவதாக மதிப்பிடுகிறார்கள். அதை உண்டாக்குபவை பாக்டீரியாக்களே அல்ல, ஆர்க்கியாக்கள். இவை தனி உயிர்க்கிளை என்று 1977-இல் கார்ல் ஊஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் காட்டியபோது அவர்கள் கையில் இருந்த முதன்மைச் சான்றே இந்த மெத்தேன் உண்டாக்கும் உயிர்கள்தான். வயலில் கால் வைத்தால் குபுகுபுவென்று வரும் குமிழிகளில் மெத்தேன் இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி குமிழியாக வராது, நெல்லின் காற்றுக் குழல் வழியாகவே வெளியேறும். ஆக்சிஜனை இறக்கும் அதே குழாய் மெத்தேனை ஏற்றுகிறது.

இதில் ஒரு புதிய கண்டுபிடிப்பு எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் கடல் சேற்றில் கம்பி போன்ற பாக்டீரியாக்களைக் கண்டு 2012-இல் வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு வளரும். ஒரு முனை கீழே சல்பைடில், மறுமுனை மேலே ஆக்சிஜனில். நடுவே மின்சாரம் ஓடுகிறது. 2020-இல் டேனிய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் சேர்ந்து இவற்றை நெல் வளரும் மண் தொட்டிகளில் விட்டுப் பார்த்தார்கள். மெத்தேன் வெளியேற்றம் 93 விழுக்காடு குறைந்தது. காரணம், இவை சல்பைடை மீண்டும் சல்பேட்டாக்கிவிடுகின்றன. சல்பேட் தீராததால் சல்பேட்டைத் தின்னும் கூட்டமே கோலோச்சுகிறது, மெத்தேன் கூட்டத்துக்கு முறை வருவதில்லை. தொட்டியில் நடந்தது வயலில் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. உழவும் சேறடிப்பும் அந்தக் கம்பிகளை அறுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் ஓர் உயிர் சுற்றுப்புறத்தை மாற்றி, அதன் மூலமே இன்னோர் உயிரை ஒதுக்குவதற்கு இதைவிடத் துலக்கமான சான்று கிடைப்பது அரிது.

இதுவரை வேதியியலைச் சொன்னேன். மண்ணின் கட்டுமானத்தையும் நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. பாக்டீரியா சுரக்கும் பசையும் பூஞ்சை இழைகளும் களித்துகள்களைக் கோத்துச் சிறு திரள்களாக்குகின்றன. திரள்களுக்கு நடுவே துளைகள் பிறக்கின்றன. அந்தத் துளைகளில்தான் காற்றும் நீரும் ஓடுகின்றன. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் ஜான் லாஸும் ஜோசப் கில்பர்ட்டும் 1843-இல் தொடங்கிய கோதுமைப் பரிசோதனை இன்றும் நடக்கிறது. ஒரு பாத்தியில் ஆண்டுதோறும் தொழுவுரம், ஒன்றில் வெறும் ரசாயன உரம், ஒன்றில் எதுவுமே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் அங்குள்ள ஆண்ட்ரூ நீலும் அவருடைய குழுவினரும் அந்த மண்ணை எக்ஸ்ரே படமெடுத்து, அதிலுள்ள நுண்ணுயிர் மரபணுக்களையும் படித்தார்கள். தொழுவுரம் பெற்ற மண்ணில் துளைகள் அதிகம், ஒன்றோடொன்று நன்றாக இணைந்திருந்தன, ஆக்சிஜன் உள்ளே போனது. கரிமம் குறைந்த மண்ணில் துளைகள் இணைப்பற்றுக் கிடந்தன, ஆக்சிஜனில்லாமல் வாழ உதவும் மரபணுக்கள் அங்கே ஓங்கியிருந்தன. உணவு கிடைத்த நுண்ணுயிர் துளைகளைக் கட்டுகிறது, துளைகள் கிடைத்ததால் காற்றோடு வாழும் நுண்ணுயிர் நிலைக்கிறது. உணவு இல்லாவிட்டால் இதே சுழற்சி எதிர்த்திசையில் ஓடுகிறது.

கோயம்புத்தூரிலும் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வேளாண் பல்கலைக்கழக நிலத்தில் தொடர்கிறது என்பதை மாணவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். நூறாண்டைத் தாண்டிய அந்தப் பாத்திகளை இதே கண்ணோடு படிக்க நமக்கு எந்தத் தடையும் இல்லை.

காவிரி டெல்டாவுக்கு இது எப்படிப் பொருந்துகிறது? நாம் சேறடிக்கும்போது நுண்ணுயிர்கள் கட்டிய திரள்களை வேண்டுமென்றே உடைக்கிறோம். நீர் இறங்காமல் நிற்க அது தேவை. ஆனால் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னால் நின்ற பயிரில் தூவும் உளுந்தும் பயறும் அதே மண்ணில்தான் வேர்விட வேண்டும். மாதக்கணக்கில் மூழ்கிக் கிடந்து, துளைகள் அடைபட்டு, இறுகி வெடிக்கும் களிமண்ணில் வேர் முடிச்சுப் பாக்டீரியாவும் காற்றுக்கு ஏங்குகிறது. ஒரு கோடையும் ஒரு பயறும்தான் அந்த மண்ணுக்குத் திரள்களை மீண்டும் கட்டிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம். அந்த அவகாசத்தில் வயலில் ஒரு துரும்புகூட விடாமல் தாளைக் கொளுத்திவிட்டால் கட்டுபவருக்கு உணவே இல்லை.

தாளை மடக்கி உழுவதிலும் பக்குவம் வேண்டும். வைக்கோலில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. பச்சையாக மடக்கி உடனே நட்டால் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை முதலில் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும், நட்ட பயிர் மஞ்சளடிக்கும். நீருக்குள் அழுகினால் மெத்தேனும் பெருகும். குறுவை அறுத்துத் தாளடி நடும் குறுகிய இடைவெளியில் விவசாயி படும் அவசரம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஈரமான, காற்றுள்ள மண்ணில் தாள் கொஞ்ச நாள் மட்கினால் இரண்டு தொல்லையும் பெருமளவு குறையும். கோடையில் உழுது காயவிட்ட மண்ணில் முதல் மழை பட்டதும் எழும் வீரியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். காய்ந்து செத்த நுண்ணுயிர்களின் உடல்களைப் பிழைத்தவை தின்று தழைச்சத்தை விடுவிக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பர்ச் என்பவர் 1958-இல் இதை அளந்து எழுதினார். மண்ணிலுள்ள கரிமத்தில் பாதியை ஒட்டிய பங்கு செத்த நுண்ணுயிர்களின் எச்சமாகவே இருக்கலாம் என்று இன்று மதிப்பிடுகிறார்கள். மண்ணின் கரிமத்தில் ஒரு பெரும் பகுதி அவற்றின் உடலேதான்.

இனி உயிர் உரங்கள். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா பொட்டலங்கள், பஞ்சகவ்யம், பல பெயர்களில் விற்கும் கரைசல்கள் எல்லாம் வயலுக்கு வருகின்றன. இவை வீண் என்று நான் சொல்லமாட்டேன். பிரேசிலில் ஜோஹன்னா டோபெரைனர் போன்றவர்களின் உழைப்பால் சோயா மொச்சைக்கு வேர் முடிச்சுப் பாக்டீரியாவைக் கொடுத்து, தழைச்சத்து உரமே பெரிதாக இல்லாமல் அந்த நாடு சாகுபடி செய்கிறது. ஆனால் அங்கே சோயா அந்நியப் பயிர். அதற்குரிய பாக்டீரியா அந்த மண்ணில் முன்பு இல்லை. இடம் காலியாக இருந்தது, பயிரே தன் வேரில் அதற்கு வீடும் உணவும் கொடுத்தது. நெல்வயலிலோ நாம் தூவும் பாக்டீரியா, அதே வேலையைச் செய்யும் ஆயிரம் உள்ளூர் இனங்களோடு, ஏற்கெனவே அவை தங்களுக்கேற்ப வடிவமைத்துவிட்ட மண்ணில் போட்டியிட வேண்டும். ஒரு பொட்டலத்தில் இருப்பதைவிட ஒரு கூடை மண்ணில் இருப்பவை அதிகம். விற்பவர்கள் விளைச்சல் கூடும் என்று சொல்லும்போது, எந்த மண்ணில், எவ்வளவு மட்கு இருந்தபோது, கொடுக்காத பாத்தியோடு ஒப்பிட்டு எவ்வளவு என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்தப் பணத்தை எருவுக்கும் தக்கைப்பூண்டு விதைக்கும் செலவழிப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

நுண்ணுயிர்க் கூட்டத்தை மாற்ற டெல்டா விவசாயியின் கையில் இருக்கும் மிக வலிமையான கருவி மடைதான். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையில், துளையிட்ட ஒரு குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்சுகிறோம். நீர் மிச்சமாகிறது. காற்று உள்ளே போவதால் இரும்பு ஆக்சைடும் சல்பேட்டும் மீண்டும் உருவாகின்றன, மெத்தேன் கூட்டம் மறுபடி வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. மெத்தேன் மூன்றில் ஒரு பங்கு முதல் சில இடங்களில் பாதிக்கு மேலும் குறைகிறது. ஆனால் அதே காற்று நைட்ரேட்டை உண்டாக்குகிறது. மறுபடி நீர் கட்டும்போது அது சிதைந்து நைட்ரஸ் ஆக்சைடாகவும் வெளியேறும். ஒரே எடைக்குக் கணக்கிட்டால் மெத்தேனைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. எனவே யூரியா இட்ட உடனே வயலைக் காயவிடக் கூடாது, பூக்கும் பருவத்தில் நீர் குறையக் கூடாது. காய்ச்சலும் பாய்ச்சலும் முறையைப் பரப்பும் அதிகாரிகள் நீர் சேமிப்பை மட்டும் சொல்லி இதை விட்டுவிடுவது சரியல்ல. வடிகால் இல்லாத கடைமடை வயலில் இந்த முறையைக் கட்டாயப்படுத்துவதும் சரியல்ல. அங்கே காயவைப்பது விவசாயியின் கையிலேயே இல்லை.

கடைசியாக, மண் பரிசோதனையைப் பற்றி ஒரு வேண்டுகோள். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவீடுகள் இருக்கின்றன. அதற்காக எடுக்கும் மண்ணை நிழலில் உலர்த்தி, தட்டி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கிறோம். அந்த நேரத்திலேயே துளைகள் போய்விடுகின்றன, ஈரத்தில் மட்டுமே இருந்த வேதியியலும் போய்விடுகிறது. உலர்ந்த மண்ணில் 5.2 என்று காட்டும் கார அமில அளவு, நெல் நிற்கும் நாட்களில் 6.7 ஆக இருக்கக்கூடும். அட்டையைப் பார்த்துச் சுண்ணாம்பு போடச் சொல்வது அந்த வயலுக்குத் தேவையில்லாத செலவாகலாம். மணிச்சத்துக்கும் இதே நிலைதான். ஆகவே நெல் மண்ணுக்கு மட்டுமாவது, மாதிரியின் ஒரு பகுதியை ஒரு கண்ணாடிக் குடுவையில் நீர் கட்டி மூன்று வாரம் மூடி வைத்து, பிறகு கார அமில நிலை, கரைந்த இரும்பு, கிடைக்கும் மணிச்சத்து மூன்றையும் அளந்து அட்டையில் தனிப் பத்தியாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டாம். மாவட்ட ஆய்வுக்கூடங்களில் இருப்பதே போதும். முதுகலை மாணவர்கள் ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு ஒரு பருவத்தில் செய்து காட்டலாம். தஞ்சை, நாகை, திருவாரூர் மூன்று மாவட்டத்திலும் களிமண் வயல் ஒன்று, மணற்பாங்கான வயல் ஒன்று, கடலோர உவர் வயல் ஒன்று என்று தொடங்கினால், அடுத்த குறுவைக்குள் ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமான முடிவுகள் நம் கையில் இருக்கும்.